நாலு லிட்டர் தண்ணீர் வைத்தியம்

"ஆன்டிபயாடிக் ஊசிதானே மாப்ளே? நல்லா தண்ணியைக் குடி, நாலு லிட்டர் உள்ளே போனா எல்லாம் யூரின்ல வந்துடும்." போன வாரம் ஒரு நர்ஸிங் ஹோமில், ஆர்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த மாமா ஒருவரின் அருள்வாக்கு இது. வார்டே தலையாட்டியது.

கட்டிலில் கிடந்தவருக்கு ஏறிக்கொண்டிருந்தது ஜென்டாமைசின். 1963இல் கண்டறியப்பட்ட இந்த மருந்து உடலில் சிதையாமல் நேராகச் சிறுநீரகத்துக்கு வரும். பெரும்பகுதி வெளியேறிவிடும், வம்பு செய்வது மிச்சமிருக்கும் கொஞ்சம். நுண்குழாயின் தொடக்கப் பகுதிச் செல்களில் மெகாலின் என்றொரு ஏற்பி உண்டு. வடிகட்டிய நீரில் தப்பிவரும் புரதங்களை வாரி உள்ளே போடுவது அதன் வேலை. ஜென்டாமைசினையும் அதே கையோடு வாரிப்போடுகிறது. லைசோசோமில் போய்ச் சேரும் மருந்து அங்கே கொழுப்பைச் சிதைக்கும் நொதிகளை முடக்குகிறது. பாஸ்போலிப்பிட் வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காகச் சேர்ந்து, கடைசியில் லைசோசோம் கிழிந்து, மைட்டோகாண்ட்ரியா பழுதாகிச் செல் சாகிறது.

செல்லுக்குள் நாள்கணக்கில் தங்கிவிட்டதை எந்த நாலு லிட்டர் கழுவும்? உடல் வறண்டால் ஆபத்து கூடும், சரி. அதற்காகத் தண்ணீரே மாற்று மருந்தாகிவிடுமா?

"யூரின் நல்லாத்தானே போகுது!" என்பது அடுத்த சமாதானம். ஜென்டாமைசின் கெடுத்த கிட்னியில் சிறுநீரின் அளவு பெரும்பாலும் குறைவதே இல்லை. ஒரு வாரம் போல ஊசி போட்டபின் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும்போதுதான் குட்டு உடையும். உயிர்காக்கும் இந்த ஊசியை டாக்டர்கள் எடையும் கிரியாட்டினினும் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பது இதனால்தான்.

இளநீர் கட்சியினர் தனி ரகம். ஆன்டிபயாடிக் 'சூடு'; அதைத் தணிக்க இளநீர். கிட்னி தளர்ந்தவர் உடலில் பொட்டாசியம் தேங்கும். இளநீரில் நிறைய இருப்பதும் அதே பொட்டாசியம்தான். எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

வலி மாத்திரைக் கூத்து இதற்கும் மேல். டைக்ளோபினாக் என்ற வலி மருந்து ஏற்றிய மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் கிட்னி செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது இந்தியா. நம் தெருக்களிலோ "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்றால் போதும். கிரியாட்டினினாவது ஒன்றாவது, ஆன்டிபயாடிக்கோடு ஒரு டைக்ளோபினாக்கையும் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தந்துவிடுகிறார்கள்.