பிள்ளைக்கு மட்டும்தான் அர்ச்சனையா? நமக்கும் பரீட்சை இருக்கு!

இது கோயில் அறிவிப்பு இல்லை, என் சொந்தக் கருத்து. கொஞ்சம் நீளமா போயிடுச்சு, பொறுமையா படிங்க.

வருசா வருசம் பி.எஸ்.எல்.இ., ஓ லெவல் நேரம் வந்தா நம்ம பிள்ளையார் சந்நிதியில அர்ச்சனைத் தட்டு வரிசையா நிக்கும். பேனா, பென்சில் எல்லாம் சாமி பாதத்துல வச்சு வாங்கிட்டுப் போவாங்க. வரிசை பார்த்து விடுறவன் நான், அதனால சொல்றேன். இத்தனை வருசத்துல ஒரு பெரியவர் கூட "எனக்குப் பரீட்சை, என் பேருக்கு அர்ச்சனை பண்ணுங்க"ன்னு சொல்லி நான் கேட்டதில்லை.

நானும் சொல்லலை. போன வருசம் நான் தட்டோட நின்னப்போ குருக்கள், "பிள்ளைக்குப் பரீட்சையா?"ன்னு கேட்டாரு. "ஆமா சாமி"ன்னுட்டேன். பேரும் நட்சத்திரமும் மட்டும் என்னோடது! சாமி முன்னாடி நின்னு பொய் சொல்ற அளவுக்கு என்ன வெட்கம்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

பரீட்சை வேற ஒண்ணும் இல்லை, வேலையிட ஆங்கிலத் தேர்வுதான். கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல்னு தனித்தனியா வைப்பாங்க. பாஸ், ஃபெயில் கிடையாது, நீங்க எந்த லெவல்ல இருக்கீங்கன்னுதான் சொல்வாங்க. வேலைத் திறன் வகுப்பு பலதுல சேர இத்தனாவது லெவல் வேணும்னு கேப்பாங்க. எனக்கு சூப்பர்வைசர் வகுப்புக்கு அது கேட்டாங்க.

நான் ஜோகூர்ல தமிழ்ப்பள்ளி, அப்புறம் புகுமுக வகுப்பு, அப்புறம் மலாய்ல எஸ்.பி.எம். ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவுதான். இங்க வந்து ஃபேக்டரியில வேலை பார்த்துப் பார்த்து பேச்சு வந்துருச்சு. எழுத்து வரலை. முதல் தடவை கம்பெனியில வகுப்புக்குக் கூப்பிட்டப்போ "ஐம்பது வயசுக்கு மேல எதுக்கு சார்"னு சிரிச்சு ஒதுங்கிட்டேன். நிஜக் காரணம் பயம்.

அதுக்கு விலை கொடுத்தது நான் இல்லை, என் லைன்ல வேலை செஞ்ச ஒரு தம்பி. தமிழ்நாட்டுல இருந்து வந்த பிள்ளை. ஒரு நாள் நைட் ஷிப்ட்ல மெஷின் மூடி திறந்து கிடந்துச்சு, கை நூலிழையில தப்பிச்சது. மூடியோட பூட்டு ஏற்கனவே உடைஞ்சு போயிருந்தது. ரிப்போர்ட் எழுத வேண்டியது நான். மூணே வரி எழுதினேன். அதுல ஒரு வரி, "ஹி ஓப்பன் தி கார்ட்." மூடி திறந்திருந்ததுன்னு சொல்ல வந்தேன். படிச்சவங்களுக்கு அவன் திறந்தான்னு ஆகிப்போச்சு. அந்தத் தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம். நான் ஓடிப்போய் வாயால விளக்கினேன். கடிதம் கொடுத்தது கொடுத்ததுதான்னுட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. "திறந்தான்", "திறந்திருந்தது". தமிழ்ல இந்த வித்தியாசம் நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே விசயத்தை ஆங்கிலத்துல எழுதத் தெரியாததால ஒருத்தன் தலையில பழி விழுந்துச்சு. அதனாலதான் சொல்றேன், சூப்பர்வைசரா இருக்கிறவனுக்கு இது பதவி உயர்வு விசயம் மட்டும் இல்லை. நம்ம கீழ வேலை செய்றவங்களுக்கு நாம சாட்சி. சாட்சி சரியா சொல்லணும்.

"அதான் போன்ல மொழிபெயர்க்க வசதி இருக்கே"ன்னு சிலர் சொல்றாங்க. இருக்கு, நானும் பாவிக்கிறேன். ஆனா அது எழுதிக் கொடுத்தது சரியா தப்பான்னு பார்க்க நமக்குக் கொஞ்சமாவது தெரியணும்ல? தெரியாம கையெழுத்துப் போட்டா மறுபடியும் அதே கதைதான்.

"ஆங்கிலம் ஆங்கிலம்னு போனா தமிழ் போயிடும்"னு இன்னும் சிலர். மலாய்ல படிச்சேன், என் தமிழ் எங்கேயும் போகலை. தேவாரம் பாடுற வாய்க்கு இன்னொரு மொழி பாரம் இல்லை.

நான் எப்படித் தயார் பண்றேன்னு கேட்டா, பெரிய புத்தகம் எல்லாம் இல்லை. ஷிப்ட் முடிஞ்சு வந்து தினமும் அஞ்சு வரி எழுதுவேன். எந்த மெஷின், எத்தனை மணி, யாரு, என்ன நடந்தது, நான் என்ன செஞ்சேன். மகள் சிவப்புப் பேனாவுல திருத்துவா. முதல் வாரம் தாள் பூரா ரத்தம் மாதிரி இருந்துச்சு, இப்போ பரவாயில்லை. நோட்டீஸ் போர்டுல இருக்கிற பாதுகாப்பு அறிவிப்பை வாய்விட்டு ஒரு தடவை படிப்பேன். தெரியாத வார்த்தை ரெண்டு, அன்னிக்கு அது போதும்.

தேர்வும் எழுதிட்டேன். பேச்சு, கேட்டல் நல்லா வந்தது. எழுத்து மட்டும் கேட்டதுக்கு ஒரு லெவல் குறைவு. மறுபடியும் உட்காரப் போறேன். இதைச் சொல்ல இப்போ வெட்கமா இல்லை.

பணத்துக்கு யோசிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 25 வயசான சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ல 500 வெள்ளி இருக்கு. 40 வயசும் அதுக்கு மேலயும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே மாசத்துல இருந்து இன்னும் 4,000 வெள்ளி. இந்த 4,000 குறிப்பிட்ட வகுப்புகளுக்குத்தான் செல்லும், பதியறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. பலர் இதைத் தொடாமலே வச்சிருக்காங்க.

நம்ம சாமியையே பாருங்க. வியாசர் சொல்லச் சொல்ல, கொம்பை ஒடிச்சு எழுதினவர் பிள்ளையார். எழுத்து பாதியில நிக்கக் கூடாதுன்னு தன் உடம்புல ஒண்ணையே கொடுத்தாரு. நாம கொடுக்க வேண்டியது கொஞ்சம் வெட்கம் மட்டும்தான்.

ரெண்டு வேண்டுகோள். நல்லா ஆங்கிலம் தெரிஞ்ச தொண்டூழியர்களே, வாட்ஸ்அப் குரூப்ல யாராச்சும் தப்பா எழுதினா சிரிக்கிற படம் போடாதீங்க. அவர் அடுத்த தடவை எழுதவே மாட்டார். அதுக்குப் பதிலா ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சு ஒரு மணி நேரம் கொடுங்க. மண்டபத்து ஓரத்துல ரெண்டு மேசை போட்டுக்கலாமான்னு நிர்வாகத்துகிட்ட கேட்டிருக்கேன். பாத்திரம் கழுவுற அக்கா, செருப்பு பார்த்துக்கிற அண்ணன், யாரா இருந்தாலும் வரலாம்.

இன்னொண்ணு, வர்ற விஜயதசமிக்குப் பிள்ளைகளை அரிசியில எழுத வைக்கக் கூட்டிட்டு வரும்போது உங்க நோட்டையும் கொண்டு வாங்க. குருக்கள் கேட்டா தைரியமா சொல்லுங்க, "எனக்குத்தான் சாமி பரீட்சை."

இந்தத் தடவை நானும் அப்படித்தான் சொல்லப் போறேன்.

தப்பு இருந்தா மன்னிக்கவும். எல்லாருக்கும் பிள்ளையார் துணை. 🙏