ஆயிரம் ஷில்லிங் குறைவு

ஆலோசகர், மொழிபெயர்ப்பாளர், ஓவியர் எனத் தனித்தொழில் செய்வோருக்கும் அவர்களை அமர்த்தியவர்களுக்கும் இடையே எழும் ஊதியப் பூசல்களில் பெரும்பாலானவை, தொகையைத் தொடக்கத்திலேயே பேசாமல் விட்டதால் விளைந்தவை என்பது என் கருத்து. அதற்கு நல்லதொரு சான்று, லண்டனில் 1876-77இல் நிகழ்ந்த 'மயில் அறை' விவகாரம்.

லிவர்பூல் கப்பல் முதலாளி பிரெடரிக் லேலண்டு, தம் லண்டன் இல்லத்து உணவறையைச் சீனப் பீங்கான்களை வைப்பதற்கென அமைத்துக்கொண்டிருந்தார். கதவுகளுக்கும் சாளரப் பலகைகளுக்கும் எந்த நிறம் பொருந்தும் என்று ஓவியர் விஸ்லரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. லேலண்டு லிவர்பூலில் இருந்த மாதங்களில் அந்த ஆலோசனை வளர்ந்துகொண்டே போயிற்று. சுவரை மூடியிருந்த விலையுயர்ந்த பழந்தோலின் மீதும் விஸ்லர் நீலம் பூசினார், பொன்மயில்களை வரைந்தார், பின்பு 2000 கினி கேட்டார்.

தாம் கேளாத வேலைக்கு இவ்வளவா என்று லேலண்டு மறுத்து, முடிவில் 1000 பவுண்டு கொடுத்தார். ஒரு கினி 21 ஷில்லிங். ஒரு பவுண்டு 20 ஷில்லிங். கலைஞர், மருத்துவர் போன்றோருக்குக் கினியிலும் வணிகருக்குப் பவுண்டிலும் கணக்கிடுவது அக்கால வழக்கம். தொகை பாதியானதோடு, அந்தப் பாதியிலும் ஆயிரம் ஷில்லிங் குறைந்தது. அதைவிடத் தம்மை வணிகர் வரிசையில் வைத்ததே விஸ்லரைப் புண்படுத்தியது. அதே அறையின் சுவரில் சண்டையிடும் இரு மயில்களை அவர் வரைந்தார். ஒன்றின் காலடியில் ஷில்லிங் காசுகள் சிதறிக் கிடக்கின்றன. 1879இல் அவர் கடனாளியாகி நொடித்தபோது கடன்காரர்களில் முதன்மையானவராக நின்றவரும் லேலண்டே. அவ்வறை இன்று வாஷிங்டனில் பிரீயர் காட்சியகத்தில் இருக்கிறது.

இருவரில் யார் பக்கம் நியாயம்? கேளாத வேலைக்குத் தாமே விலை வைத்தது விஸ்லரின் பிழை. வேலை தம் கைக்கு வந்தபின் விலையைத் தாமே தீர்மானித்தது லேலண்டின் பிழை. வேலை கைமாறியபின் பேரம் பேசும் வலிமை ஒரு பக்கத்துக்கே சாய்ந்துவிடுகிறது என்பதால் இரண்டாம் பிழையே பெரிதென்பேன்.

கொடுக்கும் முறையில் மதிப்புக் குறைந்தால் தொகையும் கசக்கும் என்பது நமக்குப் புதிதன்று. தம்மை நேரில் காணாமல் அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு சொல்கிறது.

இன்று சட்டங்கள் ஓரளவு துணை நிற்கின்றன. நியூயார்க் நகரில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 800 டாலரும் அதற்கு மேலுமான தனித்தொழில் பணிக்கு எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. தேதி குறிக்கப்படாவிட்டால், வேலை முடிந்த 30 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை 45 நாள்களுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி.

ஆனால் பதிவும் ஒப்பந்தமும் இல்லாமல், "பார்த்துக் கொடுங்கள்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி மெய்ப்புத் திருத்துபவருக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் இவற்றால் என்ன பயன்? தமிழ் இலக்கியச் சூழலில் பணத்தைப் பற்றிப் பேசுவது பண்புக் குறைவாகக் கருதப்படுகிறது. அந்தப் பண்பின் செலவை எப்போதும் ஏற்பவர் உழைத்தவரே. தொகையையும் தேதியையும் முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுவோம். நட்புக்கும் அதுவே பாதுகாப்பு.