அத்திபெலேயில் கண்ட தோழன்

பழைய பள்ளித் தோழர்கள் சந்திப்பு என்றால் நாம் என்ன செய்கிறோம்? அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டிசம்பரில் வருகிறவர்களின் விடுமுறைக்குத் தோதாகத் தேதி குறிக்கிறோம். ஓட்டலில் ஹால் பிடித்து, ஆளுக்கு இரண்டாயிரம் வசூல். அப்புறம், "பாதிப் பேர் வரவில்லையே" என்று அங்கலாய்ப்பு வேறு!

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை மூண்டபோது தமிழகப் பேருந்துகள் ஒசூரோடு நின்றுவிட்டன. பெங்களூரிலிருந்து ஊருக்குக் கிளம்பியவர்கள் அத்திபெலேயில் இறங்கி, எல்லை தாண்டி ஜூஜுவாடிக்கு மூட்டைமுடிச்சோடு நடந்தார்கள். நானும் நடந்தேன். பக்கத்தில் நடந்தவரின் முகம் எங்கோ பார்த்ததாகப் பட்டது. எட்டாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரன்! அத்திபெலேயிலேயே ஒரு பட்டறையில் பல வருடமாக வேலையாம். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

"சந்திப்புக்கு ஏண்டா வரதில்லே?" என்று கேட்டேன்.

"அங்கே வந்து நான் என்ன பேசறது, சார்?" என்றான்.

அந்த 'சார்' இன்னும் உறுத்துகிறது. அது அவனுடைய தாழ்வு மனப்பான்மை என்று சிலர் சொல்லலாம். நான் ஒப்பமாட்டேன். அழைப்பிதழில் பெயருக்குப் பக்கத்தில் பதவியையும் நாட்டையும் அச்சடித்தது யார்? நாம்தானே!

அடுத்த சந்திப்பை அத்திபெலேயில் வைப்போம். ஒரு டீக்கடை போதும். வெளிநாட்டு நண்பர்கள் தேதியை மாற்றிக்கொள்ளட்டும். அவனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு.