பார்த்து அறிதலும் அன்பின் கடமையே



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அனுமந்தையின் வீடுகளிலும் சுற்றியுள்ள உப்பள வரப்புகளிலும் பறக்கும் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவை அனைத்தையும் ‘பூச்சி’ என்ற ஒரே சொல்லால் அழைத்து, ஒரே மருந்தை அடித்து ஒழிக்க முற்படுகிறோம். இவ்வழக்கம் தவறு என்பதே என் கருத்து.

லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில், பறக்கும் சிறு ஜீவன்களுள் தத்துவதற்கேற்ற கால்களை உடையவை தனியே பிரிக்கப்பட்டிருக்கின்றன. உருவத்தைக் கூர்ந்து நோக்காதவனால் அந்தக் கட்டளையைக் கைக்கொண்டிருக்க இயலாது. கீழ்ப்படிதலுக்கு முன்பே கவனித்தல் தேவைப்பட்டது.

மருத்துவமும் இதையே கற்றுக்கொண்டது. மலேரியாவைப் பரப்புவது எது என்று தேடிய ரொனால்டு ராஸ், வேறு இனக் கொசுக்களை நெடுநாள் அறுத்து ஆராய்ந்தும் பயன் காணவில்லை. இறக்கையில் புள்ளிகளுடைய கொசுவை ஆராய்ந்தபோதுதான், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், அதன் வயிற்றில் அக்கிருமியைக் கண்டார்.

இன்று நம் அச்சம் டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் உடல் கறுத்தது. கால்களில் வெண்ணிற வளையங்கள் உண்டு. அது பெரும்பாலும் பகலில் கடிக்கும். நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில் பெருகும். சாக்கடையில் பெருகி இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசு வேறு. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ், சுவரில் அமரும்போது வால்பகுதியை உயர்த்தியபடி சாய்ந்திருக்கும். இவ்வேறுபாட்டை அறியாததால், சாக்கடையைக் குறைகூறிவிட்டு, மூடப்படாத நம் குடத்தையும் கொல்லையில் கிடக்கும் பழைய டயரையும் மறந்துவிடுகிறோம்.

மறுபுறம், நமக்கு உதவுபவற்றைத் துன்புறுத்துகிறோம். அமரும்போதும் இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும் தட்டானும், மெலிந்த உடலோடு பெரும்பாலும் இறக்கைகளை மடக்கி அமரும் ஊசித்தட்டானும் கொசுக்களைத் தின்பவை. நீரில் வாழும் அவற்றின் குஞ்சுகள் கொசுப்புழுக்களை உண்கின்றன. அவற்றின் வாலில் பிள்ளைகள் நூல் கட்டி விளையாடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். பூக்களின் மேல் அசையாமல் மிதப்பதுபோல் பறக்கும் மஞ்சள் வரி ஈயைத் தேனீ என்றெண்ணி அடிக்கிறோம். தேனீக்கு நான்கு இறக்கைகள். இந்த ஈக்கு இரண்டே. அதற்குக் கொடுக்கும் இல்லை.

“இவை பள்ளிப் பாடங்களாயிற்றே, ஐயா; பிரசங்கத்தில் இவற்றுக்கு என்ன இடம்?” என்று சிலர் கேட்கலாம். என் குடத்தில் பிறந்த கொசு என் வீட்டு மதிலோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது அதற்காக ஜெபிக்கிறோம், அது நன்று. ஆனால் அக்காய்ச்சலுக்குக் காரணமானதை நம் முற்றத்தில் வளர்த்துக்கொண்டே ஜெபிப்பது பிறனை நேசிப்பதாகுமா? அறிந்துகொள்ளக் கூடியதை அறியாமல் விடுவதும் அன்பின் குறைவே.

ஆகவே, ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகளோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். தொட்டியையும் குடத்தையும் காலிசெய்து, உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவி மூடுங்கள். ஏடிஸின் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டானைக் கண்டால் அதன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பறக்க விடுங்கள்.

காண்பதற்குக் கண்களைத் தந்த தேவன், கவனிக்கும் மனதையும் நமக்கு அருள்வாராக. ஆமென்.