இன்னும் எத்தனை காலம் இந்தத் தலைக்காசு?

நம்மவர் நாவில் ஊறிப்போன சொற்றொடர் ஒன்று உண்டு. "ஆள் இல்லாமல் வெளிநாட்டில் வேலை கிடைக்காது" என்பதே அது. படிவம் ஐந்தை முடித்த இளைஞன் அதைச் சொல்கிறான். தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பற்றவைப்புத் தொழில் கற்றவன் அதைச் சொல்கிறான். பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் பெண்ணின் தந்தையும் அதையே சொல்கிறார். சொல்வதோடு நிற்பதில்லை. அந்த 'ஆளை'த் தேடிச் செல்கிறார்கள். நகையை அடகு வைத்தும், கூட்டுப் பிடித்த பணத்தை முன்கூட்டியே எடுத்தும் அவர் கையில் கொடுக்கிறார்கள். ரசீது கேட்பதில்லை; கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்தச் சொற்றொடர் பொய் என்பதே என் வாதம். பொய் மட்டுமன்று, நூறாண்டுப் பழமையுடைய ஓர் அடிமைப் பழக்கத்தின் எச்சம் அது. இதனை ஒழிக்கும் பொறுப்பில் காவல்துறைக்கும் அமைச்சுக்கும் உள்ள பங்கினும் தமிழாசிரியருக்குள்ள பங்கு சிறிதன்று என்பதையும் இங்கே வலியுறுத்த விரும்புகிறேன்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். இந்த மண்ணுக்கு நம் முன்னோர் வந்தது எவ்வாறு? ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர் சிலர். கங்காணியின் பின்னே வந்தனர் பலர். கங்காணி யார்? நம் ஊர்க்காரர், நம் உறவினர், நம் மொழி பேசுபவர். தோட்ட நிர்வாகத்தின் உரிமத்தோடு ஊருக்குத் திரும்பி, மலாயாவின் வளத்தைச் சொல்லி ஆள் திரட்டியவர். அவருக்குக் கிடைத்தது இரட்டை வருவாய். ஆள் சேர்த்ததற்கு ஒரு தொகை. தம் கூட்டத்து ஆள் ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கும் நாளுக்கெல்லாம் ஒரு 'தலைக்காசு'. அதாவது, தொழிலாளியின் தலையை எண்ணி ஒருவர் காசு பெற்றார். தொழிலாளி பால்மரத்தடியில் வியர்வை சிந்த, அவன் பெயரால் இன்னொருவர் பை நிறைந்தது.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. 1907-ஆம் ஆண்டில் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்று அமைக்கப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அதற்குப் பணம் கட்ட வேண்டும்; தொழிலாளியின் கப்பற் செலவு அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டப்பட்டது. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவித்தொகை கொடுத்து அனுப்பும் முறைக்கே தடை விதித்தது. இன்னொரு செய்தியும் உண்டு: எந்தக் கங்காணியின் பின்னும் போகாமல், தாமாகவே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களுக்கு நடந்து வந்து கப்பலேறியவர்களும் நம் முன்னோருள் இருந்தனர். கைநாட்டு வைத்த அந்த மனிதர்களுக்கு இருந்த துணிவு, கையில் சான்றிதழும் கைப்பேசியும் வைத்திருக்கும் பேரனுக்கு இல்லாமற் போனது எதனால்?

இன்னும் கூர்ந்து நோக்கினால் வெட்கமே மிஞ்சும். ஆள் தேவைப்படுகிறவரே ஆள் வரவழைக்கும் செலவை ஏற்க வேண்டும் என்ற நியதியைத் தன்னலமே உருவான காலனித்துவ ஆட்சிகூட 1907-இல் ஒருவாறு ஒப்புக்கொண்டது. இன்றைய இளைஞனோ தன்னை விற்பதற்குத் தானே தரகு கொடுக்கிறான்!

இந்த முகவர்கள் எதை விற்கிறார்கள்? நம் இளைஞர் பெரும்பாலும் நாடும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. அல்லது முதலாளி அமர்த்திய உரிமம் பெற்ற நிறுவனம். வேலை தேடுபவர் தாமே விண்ணப்பிக்க வழியில்லை. ஆகவே, முதலாளியின் பெயரையே சொல்லாமல், "பணத்தைக் கட்டு, பெர்மிட் எடுத்துத் தருகிறேன்" என்பவர் தம்மிடம் இல்லாத பொருளை விற்கிறார். "முதலில் சுற்றுப்பயணியாகப் போய் இறங்கு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்பவரோ, நம் பிள்ளையைச் சட்டவிரோதத் தொழிலாளியாக்கிச் சிறை வாசலில் நிறுத்துகிறார்.

அனுமதிக்கு இசைவு கிடைத்தால், அந்நாட்டு மனிதவள அமைச்சு ஒப்புதல் கடிதம் ஒன்றை வழங்குகிறது. வேலை அனுமதி பெறுபவரின் அக்கடிதத்தில் முதலாளியின் பெயர், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் யாவும் எழுதப்பட்டிருக்கும். அது மெய்யானதா என்று அமைச்சின் இணையத்தளத்திலேயே சரிபார்க்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. அயல்நாட்டுத் தொழிலாளருக்காக அரசு விதிக்கும் தீர்வையைச் செலுத்த வேண்டியவர் முதலாளியே. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உரிமம் பெற்ற முகவர்கூட, ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளியிடம் வாங்க முடியாது.

அப்படியாயின் ஆயிரக்கணக்கான வெள்ளி எங்கே கைமாறுகிறது? பாலத்துக்கு இப்பால் கைமாறுகிறது! சிங்கப்பூரின் அந்த உச்சவரம்பு வெளிநாட்டில் இருக்கும் இடைத்தரகரைக் கட்டுப்படுத்தாது. இதை அறிந்தே அவர் உணவுக்கடை மேசையில் பணத்தை எண்ணி வாங்குகிறார். இங்கும் சட்டம் இல்லாமலில்லை. 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டம் இருக்கிறது. 2017-இல் அது திருத்தவும் பட்டது. உரிமம் இன்றி இத்தொழிலை நடத்துவது குற்றம். நம்மில் எத்தனை பேர் "உங்கள் உரிம எண் என்ன, ஐயா?" என்று கேட்டிருக்கிறோம்? "நம்ம ஆள்" என்ற ஒரு சொல் அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது. கங்காணியும் 'நம்ம ஆள்'தான் என்பதை நினைவிற் கொள்க.

"பணமே வாங்காத முகவரும் உண்டே! விமானச் சீட்டும் அவரே எடுத்துத் தருகிறாரே!" என்பர் சிலர். அவரிடந்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வாடிக்கையாளர் சேவைப் பணி, கைநிறையச் சம்பளம், ஆங்கிலமோ சீனமோ தெரிந்தால் போதும் என்ற விளம்பரங்களை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்ற மலேசிய இளைஞர்களின் கதை 2022-ஆம் ஆண்டில் நாளேடுகளை நிறைத்தது. கடப்பிதழைப் பறிகொடுத்து, வேலி சூழ்ந்த கட்டடங்களுக்குள் அடைபட்டு, இணைய வழியே பிறரை ஏமாற்றும்படி அடித்துத் துன்புறுத்தப்பட்டவர்கள் அவர்கள். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. அந்த முகவர் இளைஞனிடம் ஏன் பணம் வாங்கவில்லை? விலையை மறுபக்கத்தில் வாங்கிக்கொண்டார். தலைக்காசு இன்று தலையின் விலையாகவே வளர்ந்துவிட்டது.

இனி எதிர்வாதங்களைக் கேட்போம். "முகவர் எல்லாரும் மோசக்காரரா?" அல்லர். சட்டத்திற்கு உட்பட்டு, முதலாளியிடம் கூலி பெற்று, நேர்மையாகத் தொழில் புரிவோர் உளர். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டின் 181-ஆம் உடன்பாடு, தனியார் முகவர்கள் தொழிலாளரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கலாகாது என்பதையே பொது விதியாக வகுத்துள்ளது. பிரிட்டனின் 1973-ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. முதலாளிக்கு உழைக்கும் முகவருக்கு முதலாளி கூலி கொடுக்கட்டும். நாம் மறுப்பது நம் சட்டைப்பைக்குள் நுழையும் கையை மட்டுமே.

"அவருக்கு அங்கே தொடர்பு உண்டு, நமக்கு என்ன உண்டு?" என்பது அடுத்த வாதம். தொடர்பு எனும் அந்த மாயப்பொருள் என்ன? எந்த நிறுவனத்திற்கு ஆள் தேவை என்ற செய்திதானே? அச்செய்தி இன்று பூட்டி வைக்கப்பட்டதன்று. சிங்கப்பூரில் உயர்நிலை அனுமதிகளுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள், சில விலக்குகள் நீங்கலாக, முன்னதாக அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்ய வேண்டும். அத்தளம் அந்நாட்டவருக்கென்று அமைந்ததே. எனினும் அதைப் படித்து, நிறுவனத்தின் பெயரை அறிந்து, அதற்கு நேரே கடிதம் எழுதுவதை எவர் தடுப்பார்? பிரிட்டனில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. ஜெர்மனி 2024 ஜூனில் 'வாய்ப்பு அட்டை' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தகுதியும் மொழியறிவும் செலவுக்குப் பணமும் உடையவர், கையில் வேலை இல்லாமலேயே அங்குச் சென்று வேலை தேட அது வழிசெய்கிறது; விண்ணப்பிப்பவர் அவரே. கதவு திறந்திருக்க, சுவரில் துளையிடுபவனுக்கு நாம் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

மூன்றாவது வாதமே உண்மையான வாதம். அதைத் தந்தையர் தயங்கித் தயங்கிச் சொல்கின்றனர்: "என் பையனுக்கு ஒரு கடிதம் எழுத வராதே, ஐயா!"

இங்கேதான், ஆசிரியப் பெருமக்களே, பேச்சு நம்மிடம் திரும்புகிறது. முகவரின் மூலதனம் நம் மாணவரின் எழுதவியலாமை. தன்னைப் பற்றிப் பத்து வாக்கியம் தன் சொல்லில் எழுதத் தெரியாதவனும், ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படிக்க அஞ்சுபவனும், அதிகாரியிடம் ஐயம் கேட்க நாக்குழறுபவனும் வேறொருவர் வாயை வாடகைக்கு எடுக்கத்தானே வேண்டும்? நம் வகுப்பறைகளில் அலுவல் கடிதம் கற்பிக்கப்படுகிறது. எப்படி? மாதிரிக் கடிதம் ஒன்று மனப்பாடம் செய்யப்படுகிறது. நாற்பது மாணவரும் ஒரே முகவரியிலிருந்து ஒரே தலைமையாசிரியருக்கு ஒரே காரணத்தை எழுதுகின்றனர். ஆண்டு முடிந்ததும் கடிதம் மறந்து போகிறது. "அனுப்புநர், பெறுநர்" என்ற இரு சொற்களே எஞ்சுகின்றன. மனப்பாடக் கடிதம் எழுதிப் பழகியவன், வளர்ந்தபின் பிறர் நிரப்பிய படிவத்தில் கையெழுத்திடுபவனாவதில் வியப்பென்ன?

ஆகவே மூன்று செயல்களைச் செய்வோம். முதலாவது, ஒவ்வொரு மாணவனும் தனக்கே உரிய கடிதத்தை எழுதட்டும். அது மெய்யான ஒருவருக்கு மெய்யாகவே அனுப்பப்படட்டும். நகராண்மைக் கழகத்திற்குச் சாலைக்குழியைப் பற்றி எழுதிப் பதில் பெற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு, இருபது வயதில் ஒரு தொழிற்சாலை மேலாளருக்கு எழுதக் கை நடுங்காது. தமிழில் சிந்தனையைக் கோக்கத் தெரிந்தவன் மலாயிலும் ஆங்கிலத்திலும் அதைக் கோக்க விரைவில் கற்பான். இரண்டாவது, இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பிலும் தமிழ்மொழிக் கழகங்களிலும் ஒப்பந்தத்தைப் பாடப்பொருளாக்குவோம். சம்பளம், பிடித்தம், வேலை நேரம், ஓய்வுநாள், தங்குமிடம், கடப்பிதழை வைத்திருப்பவர் யார் என்ற ஆறையும் தேடிக் கோடிடப் பழக்குவோம். கருத்துணர்தலுக்கு இதனினும் சிறந்த பனுவல் ஏது? மூன்றாவது, கேட்கப் பழக்குவோம். "உரிம எண் என்ன? முதலாளி யார்? ரசீது எங்கே?" என்று பணிவோடும் அஞ்சாமலும் கேட்பது மரியாதைக் குறைவன்று என்பதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்வோம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். வெளிநாடு செல்வதை நான் தடுக்கவில்லை. கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. போகுங்கள். ஆனால், நீங்களே தேடி, நீங்களே எழுதி, நீங்களே படித்துக் கையெழுத்திட்டுப் போகுங்கள். பத்து நிறுவனங்களுக்கு எழுதினால் ஒன்பது பதிலளிக்காது. சில வேளைகளில் பத்துமே பதிலளிக்காது. மீண்டும் எழுதுங்கள். அந்தக் காத்திருப்பில் இழப்பது சில மாதங்கள். முகவர் வழியே நீங்கள் இழக்கக்கூடியது தாயின் தாலிக்கொடி. நேரங்கெட்டால் உங்கள் விடுதலை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, கங்காணியின் பெயர்கூட இளையோர்க்குத் தெரியாது போயிற்று. ஆனால் அவர் நம் மனத்தில் கட்டிய குடிசை மட்டும் இன்னும் இடியவில்லை. அதை இடிக்கும் கடப்பாரை எழுதுகோலே. அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டியவர் நாமே.