முதற்காட்சியை வெட்டலாமா?

அண்மையில் பயில்முறை நாடகக் குழு ஒன்று ஷேக்ஸ்பியரின் 'தி காமெடி ஆஃப் எர்ரர்ஸ்' நாடகத்தைத் தமிழில் மேடையேற்றியது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு வந்தவர்கள் அவர்கள். அந்த உழைப்பைப் போற்றுகிறேன். ஆயினும் ஒரு மனக்குறையைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

அன்டிஃபோலஸ் என்ற ஒரே பெயரில் இரட்டையரான இரு முதலாளிகள். டிரோமியோ என்ற ஒரே பெயரில் இரட்டையரான இரு பணியாளர்கள். சிறுவயதில் பிரிந்த இவர்கள் ஒரே நாளில் எஃபெசஸ் நகரில் உலவுகிறார்கள். மனைவி, கணவனென்று எண்ணி அவனுடைய உடன்பிறந்தானுக்கு விருந்து படைக்கிறாள். உண்மைக் கணவனோ பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறான். நடித்தவர்களிடையே உருவ ஒற்றுமை எள்ளளவும் இல்லை. ஒரே நிறச் சட்டையும் தொப்பியுமே போதுமானவையாக இருந்தன. அதுவும் சரிதான். மேடையில் இருப்போர்தாம் குழம்ப வேண்டும். அவையோர் குழம்பினால் சிரிப்பு வராது.

குறை யாதெனில், முதற்காட்சியை அடியோடு நீக்கிவிட்டார்கள். மகனைத் தேடி வந்த முதியவர் ஈஜியன் பகைநாட்டு வணிகர் என்பதால் பிடிபடுகிறார். மாலைக்குள் ஆயிரம் மார்க் தண்டம் கட்டாவிட்டால் அவர் தலை போகும். நாடகம் தொடங்குவதே இந்தத் தீர்ப்பில்தான். நீண்ட பேச்சு, சலிப்பூட்டும் என்று கருதினார்கள் போலும். ஷேக்ஸ்பியர் நாடகங்களுள் மிகச் சிறியதே இதுதான்! (1594 டிசம்பர் 28இல் இலண்டன் கிரேஸ் இன் மண்டபத்தில் இது நடிக்கப்பட்டபோது, கூட்ட நெரிசலால் நேர்ந்த குழப்பத்தில் அவ்விரவுக்கே 'பிழைகளின் இரவு' என்று பெயர் வந்ததாம்.)

இறுதிக் காட்சியில் கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்படும் ஈஜியன், தாம் வளர்த்த மகனென்று நினைத்து மற்றவனிடம் முறையிடுகிறார். அவனோ தன் தந்தையை வாழ்நாளில் கண்டதேயில்லை என்கிறான். அதுவரை நம்மைச் சிரிக்க வைத்த அதே பிழை இங்கே நெஞ்சை அறுக்க வேண்டும். அன்றோ, அரங்கமே சிரித்தது. என் அருகிலிருந்த சிறுமி, "இந்தத் தாத்தா யாரும்மா?" என்று கேட்டாள். தாய்க்கும் தெரியவில்லை.

குழுவில் மூத்த நடிகரிடம் ஈஜியன் வேடத்தைக் கொடுங்கள். பேச்சைப் பாதியாகக் குறைத்தாலும் தீர்ப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரம் போதவில்லையென்றால், டிரோமியோ வாங்கும் அடிகளில் நான்கைக் குறைத்துக்கொள்ளலாம்; அன்று அவை கணக்கின்றி விழுந்தன.