மலை அவங்களோடது, கரண்டு மட்டும் நம்மளோடதா?

விவசாயப் பெருமக்களே!

மின்கட்டணத்தைக் குறை என்று கேட்டதற்கு 1978-ல் வேடசந்தூரில் துப்பாக்கிக் குண்டைப் பதிலாக வாங்கிய மண் இது. கரண்டின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்தக் கரண்டு பிறக்கிற மலையில் குடியிருக்கிறவனை யார் கேட்டார்கள்?

நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டம் 1950-களில் கனடா நாட்டு உதவியோடு, கொழும்புத் திட்டத்தின் கீழ் எழும்பியது. தோடர், இருளர், குறும்பர் வாழ்கிற மலை. அணை வந்தது, சுரங்கம் வந்தது, கம்பி கீழே இறங்கியது. மலைக்காரனுக்குப் பங்கு என்ற பேச்சே வரவில்லை.

அதே கனடா தன் ஊரில் என்ன செய்தது? மானிடோபா மாகாணத்தில் 1970-களில் ஆற்றைத் திருப்பி, கிரீ பழங்குடிகளின் மீன்பிடித் துறைகளையும் வேட்டைக்காட்டையும் வெள்ளத்தில் விட்டது. அவர்கள் விடவில்லை. 1977-ல் இழப்பீட்டு ஒப்பந்தம் போட வைத்தார்கள். 2006-ல் 200 மெகாவாட் உஸ்க்வாட்டிம் திட்டத்தில் 33 சதவீதம் வரை, 2009-ல் 695 மெகாவாட் கீயாஸ்க் திட்டத்தில் நான்கு சமூகங்களுக்கு 25 சதவீதம் வரை பங்கு என்று எழுதி வாங்கினார்கள். பங்கு என்றதும் மயங்கிவிடக் கூடாது. அந்தப் பங்கை வாங்கக் கடன் பட வேண்டியிருந்தது. உஸ்க்வாட்டிம் முதல் சில ஆண்டுகள் நட்டத்தில் ஓடியது. கடனில் தலையெழுத்து மாறாது என்பது நமக்குத் தெரியாததா?

இப்போது மறுபடியும் மலை மேல் கண். குந்தாவில் 500 மெகாவாட், சில்லஹல்லாவில் 1000 மெகாவாட் என்று நீரேற்று மின் திட்டங்கள். கரண்டு மிஞ்சுகிற நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்பாட்டு நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்களாம். எடுக்கட்டும். யாரிடம் கேட்டு?

"மலைக்காரன் பிரச்சினை நமக்கெதுக்குப்பா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆத்தூர் காமராஜர் அணைக்கும், பாலாறு-பொருந்தலாறுக்கும், மருதாநதிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பளியர் குடியிருக்கிற கொடைக்கானல் மலையிலிருந்துதான். இன்று அவனைக் கேட்காமல் காட்டை எடுக்கிறவன், நாளை நம்மைக் கேட்டா காட்டை எடுப்பான்?

கேட்க வைக்க வழி இருக்கிறது. ஒடிசா நியம்கிரியில் 2013-ல் உச்சநீதிமன்ற உத்தரவுப்படி 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் நின்றது.

நாங்கள் அணைக்கு எதிரி அல்ல. கேட்பது இவ்வளவுதான்:

1. வன உரிமைச் சட்டம் 2006-ன்படி முதலில் பட்டா, பிறகு தமிழில் திட்ட அறிக்கை, அதன் பிறகு கிராமசபை முடிவு.

2. கடன் சுமத்தாத பங்கு. விற்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் மலைமக்களுக்கு வருமானம்.

3. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 100 யூனிட், 10 ஆண்டுக்கு என்று 2008 நீர்மின் கொள்கை சொல்கிறது. அணை நிற்கிற வரைக்கும் கொடு!

4. அணை நீரை எப்போது திறப்பது என்ற முடிவில் மலைமக்களுக்கும் கீழ்ப்பாசன விவசாயிக்கும் இடம்.

அக்டோபர் 2 கிராமசபைக்கு ஒரு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். இந்த நான்கையும் தீர்மானமாக்கி, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மலையும் சமவெளியும் ஒன்றுபடட்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!